ஜிம்மி நிதி

ஜிம்மி நிதி: அமெரிக்காவில், மாஸசூஸெட்ஸ் மாநிலத்துப் பாஸ்டன் நகரில், புற்றுநோயுற்ற குழந்தைகளின் சிகிச்சைக்காகவும் அந்நோய் பற்றிய ஆராய்ச்சிக்காகவும் 1948-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, பேஸ்பால் ஆட்டக்காரர்களும் ரசிகர்களும் தலைமுறை தலைமுறையாகப் போஷித்துவரும் தர்ம நிதி.

இதன் மூலபுருஷர் டாக்டர் சிட்னி ஃபார்பர். ரத்தப் புற்று கண்ட குழந்தையை வைத்தியர்களே கைவிட்டுவிட்ட அக்காலத்தில், உயிரணுக்களின் பெருக்கத்திற்கு இன்றியமையாத ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்தால் நோயும் தடைப்படக்கூடும் என்று கருதி, அவர் அமினோப்டெரின் என்னும் மருந்தை 16 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில், 10 பேருக்கு நோய் தற்காலிகமாகவேனும் தணிந்தது. அம்மருந்தை அளித்த லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்திற்கு அப்போது தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். 1948 ஆகஸ்டு மாதத்தில் காலமான அம்மேதையை நம்மவர் போதிய அளவு நினைப்பதில்லை என்பது வருந்தத்தக்கது.

ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்ட, நாடக, சினிமாத் தொழிலினரின் சங்கமாகிய நியூ இங்கிலாந்து வெரைட்டி கிளப் முன்வந்தது. 1948 மே 22-ஆம் தேதி இரவு, ரால்ஃப் எட்வர்ட்ஸ் நடத்திய பிரசித்தி பெற்ற வானொலி நிகழ்ச்சியில், ஃபார்பரின் சிகிச்சையிலிருந்த 12 வயதுச் சிறுவன் ஒருவன், அவன் அந்தரங்கத்தைக் காக்கும்பொருட்டு ‘ஜிம்மி’ என்ற புனைபெயரால், தேசத்துக்கு அறிமுகப்படுத்தப்பட்டான். பாஸ்டன் பிரேவ்ஸ் அணியில் தனக்குப் பிரியமான ஆட்டக்காரர்களை அவன் சொல்லச் சொல்ல, அவர்களே அவனுடைய படுக்கையருகில் வந்து நின்றதையும், எல்லோருமாகச் சேர்ந்து பேஸ்பால் பாட்டுப் பாடியதையும் வானொலியில் கேட்ட ஜனங்கள் மனமுருகினர். ஆட்டத்தைப் பார்க்க அவனுக்கு ஒரு டெலிவிஷன் பெட்டி கிடைக்கவேண்டுமானால் 20,000 டாலர் சேரவேண்டும் என்று சொல்லப்பட்டிருக்க, வந்து குவிந்ததோ 2,00,000 டாலருக்கும் மேல். அதன் பயனாக எழுந்த ஜிம்மி நிதிக் கட்டடம் 1952-இல் திறக்கப்பட்டது.

மறு ஆண்டே பிரேவ்ஸ் அணி மில்வாக்கி நகருக்குக் குடிபெயர்ந்தது. ஆதரித்த அணி ஊரைவிட்டே போய்விட்ட அந்த வேளையில், பாஸ்டன் ரெட் சாக்ஸ் அணியின் உரிமையாளர் டாம் யாக்கி இந்நிதியைத் தம் அணியின் தர்மமாக ஏற்றுக்கொண்டார். ஜிம்மி நிதியின் வரலாற்றில் வானொலி இரவைக் காட்டிலும் முக்கியமான திருப்பம் இதுவே என்று கூறலாம், ஏனெனில் ஓர் இரவின் இரக்கத்தை நிலைத்த கடமையாக மாற்றியது இச்செயலே. அவ்வணியின் மாபெரும் ஆட்டக்காரரான டெட் வில்லியம்ஸ், பத்திரிகைக்காரர் அறியாவண்ணம் குழந்தைகளைப் படுக்கையருகே சென்று பார்த்து வந்ததோடு, இந்நிதிக்காக ஊரூராகச் சென்று பேசியும் உதவினார்.

‘ஜிம்மி’ இறந்திருப்பான் என்றே பலரும் எண்ணியிருந்தனர். மெயின் மாநிலத்து எய்னர் குஸ்டாஃப்ஸன் என்பவரே அச்சிறுவர் என்பதும், நோய் நீங்கி வளர்ந்து, லாரி ஓட்டிக் குடும்பம் நடத்தி வந்தார் என்பதும் 50 ஆண்டுகள் கழித்து, 1998-இல்தான் உலகறிய வெளிப்பட்டன. அவர் 2001-இல், தமது 65-ஆம் வயதில் காலமானார்.

ஃபார்பர் நிறுவிய ஆராய்ச்சி ஸ்தாபனம் இன்று டேனா-ஃபார்பர் புற்றுநோய் நிலையம் எனப்படுகிறது. பேஸ்பாலுக்கு அப்பாலும் விளையாட்டு அன்பர்கள் இப்பணியில் சேர்ந்தனர்: தாயைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த பில்லி ஸ்டார், 1980-இல் 36 பேருடன் தொடங்கிய சைக்கிள் பயணம் முதல் ஆண்டில் 10,200 டாலர் திரட்டியது; ஆண்டுதோறும் நடைபெறும் அப்பயணம் ஜிம்மி நிதி மூலம் டேனா-ஃபார்பருக்கு ஈட்டித்தந்த மொத்தத் தொகை 2024-இல் 100 கோடி டாலரைக் கடந்தது.