தண்ணீருக்குத் தவித்த கோட்டை

கோட்டை என்றதும் நம்மவர்களுக்குச் செஞ்சியும் வேலூரும் நினைவுக்கு வரும். வடக்கே வந்து வேரூன்றிவிட்ட நமக்குக் குவாலியரும் செங்கோட்டையும் சேர்ந்துகொண்டன. நான் இங்கே எழுத வந்தது வேறொரு கோட்டையைப் பற்றி. பிலாய் உருக்காலைப் பணியில் இருந்தபோது, 1980களில், சோவியத் நாட்டுக்குப் பயிற்சிக்காகப் போனவன் நான். அப்போது ஒரு விடுமுறையில் பார்த்தது. ஊர் பிரெஸ்ட், இப்போது பெலாரஸ் நாட்டில், போலந்து எல்லையில் இருக்கிறது. அங்கே ரயில் பெட்டிகளைத் தூக்கி நிறுத்திச் சக்கரத்தொகுதியை மாற்றுவார்கள். 1520 மி.மீ. பாதை முடிந்து 1435 மி.மீ. பாதை தொடங்குமிடம் அது. மீட்டர் கேஜ் காலத்தில் வண்டி மாறி அலைந்த நமக்கு இதெல்லாம் சுலபமாகப் புரியும்!

முகாவெட்ஸ் ஆறு பூக் ஆற்றில் கலக்குமிடத்தில், 1836 முதல் 1842 வரை ஜார் மன்னராட்சி கட்டிய செங்கல் கோட்டை இது. 1918 மார்ச் 3-ஆம் தேதி ரஷ்யா முதல் உலகப் போரிலிருந்து விலகிக் கையெழுத்திட்டதும் இதற்குள்தான்.

1941 ஜூன் 22 விடியற்காலை ஜெர்மன் பீரங்கிகள் முழங்கின. உள்ளே பல்லாயிரம் சிப்பாய்கள், அதிகாரிகளின் குடும்பங்கள் சுமார் 300. முதல் மணி நேரத்திலேயே தண்ணீர்க் குழாய் அமைப்பு நாசம். சுற்றிலும் ஆறு, குடிக்கச் சொட்டு இல்லை. கரையை எதிரியின் இயந்திரத் துப்பாக்கிகள் பார்த்துக்கொண்டிருந்தன. ராத்திரியில் ஹெல்மெட்டோடு தவழ்ந்து போனவர்களில் திரும்பியவர் சிலரே. கொண்டுவந்த கொஞ்சத் தண்ணீரும் முதலில் யாருக்கு? மாக்சிம் துப்பாக்கிக்கு, அது நீரால் குளிரவைக்கப்படுவது, தண்ணீர் இல்லாவிட்டால் சுடாது. பிறகு காயம்பட்டவர்களுக்கு, குழந்தைகளுக்கு. சண்டை போட்டவன் நாக்கு வறண்டு கிடந்தான்.

கிழக்குக் கோட்டை மட்டும் பணியவில்லை. ஜூன் 29 அன்று விமானங்கள் 500 கிலோ குண்டுகளைப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் 1,800 கிலோ குண்டு ஒன்றைப் போட்டன. சுமார் 390 பேர் வெளியே வந்து சரணடைந்தார்கள். தளபதி மேஜர் கவ்ரீலோவ் அவர்களில் இல்லை. ஜூலை 23 அன்றுதான், குற்றுயிராகப் பிடிபட்டார். ஒரு சுவரில் யாரோ, சாகிறேன், சரணடைய மாட்டேன், தாய்நாட்டுக்கு விடை என்று கீறி ஜூலை 20 எனத் தேதியும் போட்டிருந்தார். அந்தச் சுவர்த்துண்டு மாஸ்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நினைவகம் 1971 செப்டம்பர் 25-இல் திறக்கப்பட்டது. காங்கிரீட்டில் வெட்டிய பெரிய நட்சத்திர வடிவ வாசல். நுழைந்தால் போர் அறிவிப்பின் ஒலி. உள்ளே பாறையிலிருந்து எழும் பிரம்மாண்டமான சிப்பாய் முகம், பக்கத்தில் 100 மீட்டர் உயரத்துக்குத் துப்பாக்கிச் சனியன் வடிவத் தூண். இவ்வளவு பெரிதாக வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது, ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். என்னை நிறுத்தியது வேறு: தவழ்ந்தபடி ஹெல்மெட்டை நீட்டும் சிப்பாய் சிலை. பெயர் ‘தாகம்’. அங்கே அடக்கம் செய்யப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டோரில் பெரும்பாலோர் பெயர் தெரியாதவர்கள்.

இதே கோட்டையை 1939 செப்டம்பரில் ஜெர்மானியரிடமிருந்து சில நாட்கள் காத்து நின்றவர்கள் போலந்துப் படையினர். அதன்பின் அதே மாதம் 22-ஆம் தேதி ஜெர்மன் படை ஊரைச் சோவியத் படையிடம் ஒப்படைத்து, அணிவகுப்பும் நடந்தது. அந்த மகா சிலைகள் பேசுவது 1941-ஐ மட்டுமே.

பிடிபட்டவர் கதையும் அப்படித்தான் புதைந்து கிடந்தது. சரணடைவது துரோகம் என்பது ஸ்டாலின் காலச் சட்டம். 1945-இல் முகாமிலிருந்து மீண்ட கவ்ரீலோவ் கட்சி உறுப்பினர் தகுதியை இழந்தார். எழுத்தாளர் செர்கேய் ஸ்மிர்னோவ் 1950களில் ஊர் ஊராகப் போய், உயிரோடு இருந்தவர்களைத் தேடிப்பிடித்து வானொலியில் பேசினார். 1957-இல் கவ்ரீலோவுக்குச் சோவியத் யூனியனின் வீரர் பட்டம் கிடைத்தது. 1979-இல் இறந்தார், அவரைப் பிரெஸ்டிலேயே அடக்கம் செய்தார்கள்.