பாட்டி கால வாஷிங் மெஷினும் பொட்டி தட்டுற நானும்

 

நான் இப்ப கார்டிஃப்ல குடியிருக்கிற வீட்டோட சொந்தக்கார அம்மாவுக்கு எழுபது வயசு தாண்டியாச்சு. போன சனிக்கிழமை காரேஜைக் காலி பண்ணும்போது என்னையும் கூப்பிட்டாங்க. ஒரு மூலையில அவங்க அம்மா உபயோகிச்ச ஹூவர் வாஷிங் மெஷின். என்ன விலைக்குப் போகும்னு கேட்டாங்க. ஓடினா கூட விலை கிடைக்கும்னு யாரோ சொன்னாங்களாம், பிளக்கைச் சொருகிப் பார்க்கவும் ரெடியா இருந்தாங்க. நான் படிச்சது ஈ.ஈ.ஈ., பொழைக்கிறது ஜாவாவுல. அதுக்காக கெத்தை விட முடியுமா? "இருங்க, முதல்ல நான் பார்க்கிறேன்"னு சொல்லிட்டேன் :-)

மாடல் 0307. 1948ல வந்தது. நம்ம ஊர் மெஷின்ல துணியைச் சுழற்றுற தட்டு தொட்டிக்கு அடியில இருக்கும், இதுல பக்கச் சுவர்ல இருக்கு. பிழியறதுக்கு மேலே ரெண்டு ரப்பர் உருளை, ஒரு கைப்பிடி. கரும்பு ஜூஸ் மெஷினை நினைச்சுக்குங்க, கரும்புக்குப் பதிலா வேட்டி. வேலை முடிஞ்சதும் உருளையை மடிச்சுத் தொட்டிக்குள்ளேயே வச்சு மூடிடலாம். அப்போதைய பிரிட்டிஷ் சமையலறைகள் ரொம்பச் சின்னது. சிங்க் பக்கத்துல கொண்டுவந்து துவைச்சுட்டு ஓரமா ஒதுக்கிடணும். அதுக்கு ஏத்த மாதிரி செஞ்சிருக்காங்க.

இதைச் செஞ்ச ஊர்தான் பெரிய கதை. கார்டிஃப்புக்கு வடக்கே நாற்பது கிலோமீட்டருக்குள்ள இருக்கிற மெர்த்திர் டிட்ஃபில். ஒரு காலத்துல இரும்புக்குப் பேர் போன ஊர். அங்கே 1759ல ஆரம்பிச்ச டவுலைஸ் ஆலையோட பெரும்பகுதியை 1930ல மூடினாங்க. ஊரே வேலையில்லாம உட்கார்ந்திருச்சு. 1936ல எட்டாம் எட்வர்டு மன்னரே வந்து பார்த்துட்டுப் போனார் (அடுத்த மாசம் அவர் வேலையும் போச்சு, அது வேற கதை). போர் முடிஞ்சதும் 1945ல ஒரு சட்டம் போட்டு, புதுத் தொழிற்சாலைகளை இந்த மாதிரி நொடிஞ்ச பகுதிகள் பக்கம் அரசாங்கம் திருப்பிவிட்டது. அப்படித்தான் 1948 அக்டோபர்ல மெர்த்திர் பக்கத்துல பென்ட்ரெபாக்ல ஹூவர் ஆலை திறந்தாங்க. 1970கள்ல சுமார் 5,000 பேர் வேலை பார்த்தாங்க. 1985ல சின்க்ளேர் சி5ங்கிற மின்வண்டியைக்கூட அங்கேதான் பூட்டினாங்க. 2009 மார்ச்சுல உற்பத்தி நின்னுபோச்சு.

இன்னொரு கிளைக்கதை. ஜப்பான்ல சான்யோவைத் தொடங்கின இவூ தோஷியோ, இந்த ஹூவர் முறையைப் பார்த்துத்தான் 1953ல எஸ்.டபிள்யூ-53 மெஷினை இறக்கினார். விலை 28,500 யென். அதுலயும் தட்டு பக்கவாட்டுலதான். துணி சீக்கிரம் வெளுத்துச்சு, ஆனா முறுக்கிக்கிட்டு வந்துச்சு. அப்புறம் தட்டை அடிக்குக் கொண்டுபோனாங்க. நம்ம வீட்டு செமி ஆட்டோமேட்டிக் எல்லாம் அந்த வழியில வந்ததுதான்.

சரி, காரேஜுக்கு வருவோம். ஒயரைப் பிரிச்சேன். சிவப்பு, கறுப்பு, பச்சை. இங்கே 1969லதான் பழுப்பு, நீலம், பச்சை-மஞ்சள்னு மாத்தினாங்க. ஆக ஒயர் அதுக்கு முந்தினது, ரப்பர் இன்சுலேஷன். விரலால தொட்டதும் முறுக்கு மாதிரி உதிருது. பிளக்கோட எர்த் பின்னுக்கும் உடம்புத் தகரத்துக்கும் நடுவுல மல்டிமீட்டர் வச்சா தொடர்பே இல்லை. தண்ணி நிக்கிற இரும்புப் பெட்டி, எர்த் கிடையாது, இன்சுலேஷன் கிடையாது. சொருகியிருந்தா... வேணாம், விடுங்க. மோட்டாரைச் சோதிக்க மெகர் வேணும், வெறும் மீட்டர் பத்தாது. உருளை ரப்பரும் கல்லாயிடுச்சு.

விலையைப் பத்தியும் உள்ளதைச் சொன்னேன். வீட்டுக்கு வீடு போகட்டும்னு ஏராளமா செஞ்ச சாமான், அபூர்வம் கிடையாது. இந்த நிலைமையில பெரிய காசு எதிர்பார்க்க முடியாது. அந்தம்மா முகம் லேசா வாடிடுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மூடியைத் தடவிக்கிட்டே சொன்னாங்க, அவங்க சித்தி பென்ட்ரெபாக்ல பதினோரு வருஷம் வேலை பார்த்தவங்களாம். இதுல எந்தத் திருகாணி அவங்க முடுக்கினதோன்னு சிரிச்சாங்க.

விக்கலை. துணி போட்டு மூடி அதே மூலையில வச்சிருக்கோம். பேரப்பசங்க யாராவது சொருகிடக் கூடாதுன்னு பிளக்கை மட்டும் வெட்டி என் மேசை டிராயர்ல போட்டு வச்சிருக்கேன்.