தனி ஓட்டமும் உடன் ஓட்டமும்

2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலிப் பந்தயங்களில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வென்றபோது டாட்டியானா மெக்ஃபேடனுக்கு வயது 15. முதுகுத்தண்டுப் பிளவுடன் லெனின்கிராட்டில் பிறந்து, அநாதை இல்லத்தில் வளர்ந்து, அமெரிக்கக் குடும்பம் ஒன்றால் தத்தெடுக்கப்பட்டவர் அவர். பதக்கங்களுடன் மேரிலாந்துக்குத் திரும்பித் தம் உயர்நிலைப்பள்ளியின் தடகள அணியில் சேர்ந்தார். அங்கே அவருக்குக் கிடைத்தது தனி ஓட்டம். மற்றவர்கள் ஓடாத நேரத்தில், ஆளற்ற தடத்தில், அவர் மட்டும் சுற்றி வரவேண்டும்.

சக்கர நாற்காலியால் பிறருக்கு ஆபத்து, அதன் வேகம் நியாயமற்ற சாதகம் என்பன நிர்வாகத்தின் வாதங்கள். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தை முன்வைத்து, 2006இல் ஹோவர்ட் கவுண்டி பள்ளி நிர்வாகத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டது. இழப்பீடு கோரப்படவில்லை. கால்களால் ஓடுவோரை வென்றதாக அறிவிக்கும்படியும் கேட்கவில்லை. அதே தடத்தில், அதே நேரத்தில் ஓட வேண்டும் என்பதே கோரிக்கை. அவ்வாண்டு ஏப்ரலில் நீதிபதி ஆண்ட்ரே டேவிஸ் அதற்கு ஆதரவாக இடைக்கால உத்தரவு வழங்கினார்.

சிக்கல் அத்துடன் தீர்ந்துவிடவில்லை. மாநிலப் போட்டியில் சக அணி மாணவி ஒருவருக்கு டாட்டியானா வேகம் வகுத்துக் கொடுத்தார் என்று கூறி, அம்மாணவியின் வெற்றி செல்லாததாக்கப்பட்டது. மாநில அளவில் தம் ஓட்டத்துக்கும் அணிக்குப் புள்ளி வேண்டும் என்று 2007இல் டாட்டியானா மீண்டும் வழக்காடியபோது நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. உடன் ஓடலாம், ஆனால் அணிக்கணக்கில் சேரமுடியாது என்பதே அன்றைய நிலை. பள்ளி விளையாட்டில் அணிக்காகப் பெறும் புள்ளிதான் ஒரு மாணவரை அணியின் உறுப்பினராக்குகிறது என்பதை நினைத்தால், இது சிறிய விலக்கு அன்று.

2008இல் மேரிலாந்து தனிச் சட்டமே இயற்றியது. மாற்றுத்திறன் மாணவர்கள் பொது அணிகளின் தேர்வில் பங்கேற்கவும், தேர்வானால் விளையாடவும் அது வழி செய்தது. 2013 ஜனவரியில் அமெரிக்கக் கல்வித்துறை வெளியிட்ட வழிகாட்டுக் கடிதம் பயிற்றுநரின் மனத்துக்குள்ளேயே நுழைந்தது. கற்றல் குறைபாடுள்ள மாணவர் ஆட்ட நெருக்கடியைத் தாங்கமாட்டார் என்று முன்கூட்டியே முடிவுகட்டி அவரைக் களமிறக்காத லக்ரோஸ் பயிற்றுநர் அதில் ஓர் எடுத்துக்காட்டு. அம்மாணவரின் திறனைப் பார்க்காமல் பொதுக் கருத்தைக் கொண்டு முடிவெடுத்ததே அங்கு குற்றம். திறன் போதாதவரை ஆடவைக்கும் கட்டாயம் எவருக்கும் இல்லை. செவித்திறன் குறைந்த ஓட்டக்காரருக்குத் துப்பாக்கி ஒலியோடு ஒளிக்குறிப்பும் தருவது இன்னோர் எடுத்துக்காட்டு. அதனால் பந்தயத்தின் இயல்பு சிறிதும் மாறுவதில்லை.

இந்தியாவின் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை இவ்வரலாற்றின் அருகே வைத்துப் படிக்கும்போது ஒரு சொல் இடறுகிறது. உள்ளடக்கிய கல்விக்கு அச்சட்டத்தின் 2ஆம் பிரிவு தரும் வரையறை, எல்லா மாணவரும் சேர்ந்து கற்பதைக் குறிப்பிடுகிறது. விளையாட்டு வாய்ப்பைப் பேசும் 16ஆம் பிரிவிலோ ‘சேர்ந்து’ இல்லை. மற்றவர்களோடு சமமாக என்ற பொருளே உள்ளது. தமிழிலக்கணப்படி கேட்டால், இந்த ‘ஓடு’ உடனிகழ்ச்சிப் பொருளில் வந்ததா, வெறும் ஒப்புமைக்கு வந்ததா? ஆங்கில மூலத்திலும் இதே ஐயம் உண்டு. ஒப்புமை என்று கொண்டால், டிசம்பர் 3ஆம் நாளையொட்டிப் பல மாவட்டங்களில் நடக்கும் தனிப் போட்டிகளே சட்டத்துக்குப் போதும் என்று வாதிடலாம். அப்போட்டிகளுக்கு அவற்றுக்குரிய மதிப்பு உண்டு. பல மாணவர்கள் முதன்முதலில் களம் காண்பது அங்கேதான். ஆனால் பள்ளியின் ஆண்டு விளையாட்டு விழாவில் அதே மாணவர் பார்வையாளர் வரிசையில் அமர்த்தப்படும்போது, அதைச் சமம் என்று காட்டவும் அவ்வாசகம் இடம் தருகிறது.