அண்டங்களின் தூரமும் சென்னை வானாராய்ச்சிக் கூடமும்

களனியாற்றின் இக்கரையிலே, கிராண்ட்பாஸ் பக்கத்தில் இரவு வேளை நின்று எதிர்க்கரையை நோக்குபவனுக்கு ஒரு விளக்கு மங்கலாகத் தெரிகின்றதென வைத்துக்கொள்வோம். அது அண்மையிலுள்ள சிறு கைவிளக்கா, தொலைவிலுள்ள பெருவிளக்கா? கண்ணால் இதனைத் தீர்க்க இயலாது. அவ்விளக்கின் உண்மை வலு இன்னதென்று எவரேனும் கூறிவிட்டால், தூரம் உடனே கணக்குக்குள் அகப்பட்டுவிடும். இருமடங்கு தூரத்தில் ஒளி நாலிலொரு பங்காகவும், மும்மடங்கு தூரத்தில் ஒன்பதிலொரு பங்காகவும் குறையும் என்பது இயற்கை விதி.

வானநூலார் அண்டங்களின் தூரத்தை அளந்த வரலாறு, பெரும்பாலும் இவ்விளக்கின் வலுவைத் தேடிய வரலாறேயாகும். அண்டம் என்று இங்கே நான் கூறுவது, நமது பால்வீதியைப் போன்று கோடிக்கணக்கான விண்மீன்கள் ஒருங்கு திரண்ட பெருந்தொகுதியை. இவ்வரலாற்றிலே சென்னைக்குரிய பங்கு நம்மவரிடையே போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் கருத்து.

கிழக்கிந்தியக் கும்பனியார் 1792ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் ஒரு வானாராய்ச்சிக் கூடத்தை அமைத்தனர். 1861 முதல் 1891இல் இறக்கும்வரை அதன் தலைவராக இருந்தவர் நோர்மன் பொக்சன் என்னும் ஆங்கிலேயர். அவர் இங்கு வருமுன்பே, 1856இல், விண்மீன்களின் ஒளியை அளப்பதற்கு ஓர் ஒழுங்கை வகுத்திருந்தார். பழங்காலத்தார் கண்ணுக்குத் தெரியும் மீன்களை முதற்றரம் தொடங்கி ஆறாந்தரம் ஈறாக வகுத்தனர். முதற்றர மீன் ஆறாந்தர மீனிலும் நூறு மடங்கு ஒளியுடையதெனக் கொள்க என்றார் பொக்சன். அப்போது ஒரு தரத்துக்கும் அடுத்த தரத்துக்கும் இடையே ஏறக்குறைய 2.512 மடங்கு வேறுபாடு வரும். இன்றும் உலகெங்கும் வழங்குவது இந்த அளவுகோலே. ஒளியை எண்ணாக எழுதும் வழி கிடைத்த பின்னரே, ஒளியைக் கொண்டு தூரத்தை அளப்பதும் கைகூடியது.

பொக்சனின் உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி இரகுநாதாசாரியார். பஞ்சாங்கக் கணிதத்தில் வல்லவரான அவர், வாக்கியக் கணிதத்தை விடுத்து, கண்ணாற் கண்டு சரிபார்க்கத்தக்க திருக்கணித முறையையே கைக்கொள்ள வேண்டுமென்று வாதாடினார். வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப் பஞ்சாங்கமும் அருகருகே வழங்கும் நம் நாட்டிலே அவ்வாதத்தின் சூட்டை விளக்க வேண்டியதில்லை. அவர் 1867இல், ரெட்டிக்குலம் என்னும் தென்வான் தொகுதியிலே, ஒளி கூடியும் குறைந்தும் வரும் ஒரு மீனைக் கண்டறிந்தார். மாறொளி மீனொன்றைக் கண்டவரெனப் பதிவுபெற்ற முதல் இந்தியர் அவரே. 1872இல் இலண்டன் இராயல் வானியற் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. என் பாடசாலை மாணவரிடம் இப்பெயரைக் கூறி வினாவியபோது, அறிந்தவர் ஒருவரும் இலர்.

1874 டிசம்பர் 9ஆந் திகதி வெள்ளிக் கிரகம் சூரிய வட்டத்தைக் கடந்து சென்றது. அந்நிகழ்ச்சியைப் பொதுமக்களுக்கு விளக்க இரகுநாதாசாரியார் ஆங்கிலத்திலும் இந்திய மொழிகள் சிலவற்றிலும் சிறு நூல் வெளியிட்டார். வெள்ளி கடப்பதற்கும் அண்டங்களின் தூரத்துக்கும் என்ன தொடர்பு என நீங்கள் வினாவலாம். தூர ஏணியின் அடிப்படி அதுவே. பூமியில் வெகுதூரம் பிரிந்த இரு இடங்களிலிருந்து பார்க்கும்போது வெள்ளியின் பாதை சற்றே விலகித் தோன்றும். அவ்விலகலிலிருந்து சூரியனின் தூரம் பெறப்படும். அது ஏறக்குறைய 15 கோடி கிலோமீற்றர். அதனை அறிந்தபின், ஆறு மாத இடைவெளியில் பூமி 30 கோடி கிலோமீற்றர் இடம்பெயரும்போது, அண்மை விண்மீன் சேய்மை விண்மீன்களுக்கு முன்னே எவ்வளவு விலகுகின்றதென நோக்கி, அதன் தூரத்தைக் கிலோமீற்றரிலே கணிக்கலாம். 2013இல் விண்ணுக்கு ஏவப்பட்டு 2025இல் பணி முடித்த காயா என்னும் ஐரோப்பிய விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட மீன்களை இம்முறையால் அளந்தது. எனினும் பிற அண்டங்களுக்கு இம்முறை எட்டாது. அங்கேதான் மாறொளி மீன்கள் வருகின்றன.

தென்வானில் பெரியதும் சிறியதுமாக இரு மகெல்லன் முகில்கள் உள. கொழும்பிலிருந்து தென்றிசையில் தாழ்வாகத் தோன்றக்கூடியவை. நகரத்து விளக்கொளி இன்று அவற்றை மறைத்துவிடுகின்றது. ஆர்வாட் வானாராய்ச்சிக் கூடத்தில் ஒளிப்படத் தட்டுகளை ஆராய்ந்த என்றியற்றா இலெவிற் என்னும் அம்மையார், சிறிய முகிலிலுள்ள 25 மாறொளி மீன்களின் கணக்கை 1912இல் வெளியிட்டார். செபீட் எனப்படும் அவ்வகை மீன்களில், ஒளி மிகுந்தது மெதுவாகவும் ஒளி குறைந்தது விரைவாகவும் துடித்தன. அவை யாவும் ஒரே முகிலில், நம்மிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் இருப்பதால், தோற்றத்தில் உள்ள வேறுபாடு உண்மையிலும் உள்ள வேறுபாடே. ஆகவே துடிக்கும் காலத்தை எண்ணினால் விளக்கின் வலு தெரியும்.

அமெரிக்காவின் வில்சன் மலையிலிருந்த 100 அங்குலத் தொலைகாட்டியால், 1923 ஒக்டோபரில் எட்வின் ஹபிள் அந்திரொமீடா முகிற்சுருளைப் படம்பிடித்தார். அதில் புதிதாக ஒளிர்ந்த மீனெனத் தாம் முதலிற் குறித்த ஒன்று, பழைய தட்டுகளோடு ஒப்பிட்டபோது, ஏறக்குறைய 31 நாளுக்கொருமுறை துடிக்கும் செபீட் எனத் தெரிந்தது. கணக்கிட்டார், ஏறக்குறைய 9 இலட்சம் ஒளியாண்டு வந்தது. ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டிற் செல்லும் வழி, ஏறத்தாழ ஒன்பதரை இலட்சம் கோடி கிலோமீற்றர். பால்வீதிக்கு வெளியே வேறு அண்டங்கள் உளவா என்று நெடுங்காலம் நிகழ்ந்த வாதம் இதனோடு ஓய்ந்தது.

அடுத்து ஹபிள் அண்டங்களை வடிவத்தால் வகுத்தார். 1926இல் வெளியிட்ட பாகுபாட்டில், முட்டை வடிவினவற்றை அவற்றின் தட்டையளவு நோக்கிப் பூச்சியம் முதல் ஏழு வரை எண்ணிட்டார். சுருள் வடிவினவற்றைச் சாதாரணச் சுருள், நடுவே சட்டம் போன்ற பகுதியுடைய சுருள் என இரண்டாக்கினார். வடிவம் எதற்கும் அடங்காதவை ஒழுங்கற்றவை. அந்திரொமீடா சுருள், பால்வீதி சட்டமுடைய சுருள், மகெல்லன் முகில்கள் ஒழுங்கற்றவை. இவ்வடிவங்கள் ஒன்றிலிருந்து ஒன்று வரிசையாக வளர்ந்தன என்னும் எண்ணம் பின்னர் கைவிடப்பட்டது; பாகுபாடு மட்டும் நிலைத்தது. அதற்குக் காரணமும் உண்டு. சுருள் அண்டங்களில் வாயுவும் இளம் மீன்களும் மிகுதி. செபீட்டுகள் இளம் மீன்களாதலால் அங்கே கிடைக்கும். முட்டை வடிவ அண்டங்களிலோ முதிய மீன்களே பெரும்பான்மை. அங்கே அவ்விளக்கு இல்லை. எனவே அண்டத்தின் வகையை அறிந்தாலன்றி, எந்த விளக்கைத் தேடுவதென்றே தெரியாது.

அண்டங்கள் நம்மை விட்டு விலகுகின்றன, தொலைவிலுள்ளது விரைந்து விலகுகின்றது என 1929இல் ஹபிள் காட்டினார். அவ்வேகத்தைக் கொண்டு பின்னோக்கிக் கணக்கிட்டபோது பிரபஞ்சத்தின் வயது 200 கோடி ஆண்டளவே வந்தது. பூமியின் பாறைகளோ அதனினும் முதியவை! தந்தையிலும் மைந்தன் மூத்தவனாயிருக்க இயலாதல்லவா? பிழை தூரத்தில் இருந்தது. போர்க்காலத்தில் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரம் விளக்கணைத்திருந்த இருளைப் பயன்கொண்டு, வால்டர் பாடே என்னும் செருமானியர் அந்திரொமீடாவின் நடுப்பகுதி மீன்களைப் பிரித்துக் கண்டார். மீன்களில் இளமை, முதுமை என்னும் இரு குடிகள் உண்டென்று அவர் உணர்ந்தார். செபீட்டுகளும் இருவகை, அவற்றை ஒன்றெனக் கொண்டதால் விளக்கின் வலுவே தவறாகியிருந்தது. 1952இல் அவர் இதனை அறிவித்ததும் அண்டங்களின் தூரம் ஒரேயடியாக இருமடங்காயிற்று. அந்திரொமீடாவின் தூரம் ஏறக்குறைய 25 இலட்சம் ஒளியாண்டு என்பது இன்றைய கணக்கு.

செபீட்டுகளைப் பத்துக் கோடி ஒளியாண்டளவில் காண்பதே அரிது. அதற்கப்பால் வேண்டிய விளக்குக்கு வழிகாட்டியவர் சென்னையில் வளர்ந்து, பிரசிடென்சிக் கல்லூரியிற் பயின்ற சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்து செல்லும் கப்பலிலே, எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீன் எவ்வளவு நிறையைத் தாங்கும் என்று கணக்கிட்டார். ஓர் எல்லை உண்டென்று கண்டார். அது சூரியனின் நிறையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு. 1935 ஜனவரியில் இராயல் வானியற் சங்கத்தில் அவர் பேசி அமர்ந்ததும், புகழ்மிக்க எடிங்டன் எழுந்து அம்முடிவை எள்ளி நகையாடினார். சபையும் மூத்தவர் பக்கமே சாய்ந்தது. சந்திரசேகர் சண்டைக்கு நிற்கவில்லை. தம் கருத்தை 1939இல் நூலில் எழுதிவைத்து, வேறு ஆராய்ச்சிக்குச் சென்றார். 1983இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

சுருங்கிய மீன் தன் துணை மீனிலிருந்து நிறையைக் கவர்ந்து அவ்வெல்லையை நெருங்கும்போது, முழுவதும் வெடித்துச் சிதறும். இது சூப்பர்நோவாக்களில் ஒரு வகை. இரு சுருங்கிய மீன்கள் மோதியும் இவ்வகை வெடிப்பு நிகழக்கூடும் என்பர். எவ்வாறாயினும் அவற்றின் ஒளிவலு பெரிதும் ஒத்திருக்கும்; ஒளி மங்கும் வேகத்தைக் கொண்டு சிறு வேறுபாட்டையும் திருத்தலாம். முட்டை வடிவ அண்டத்திலும் சுருள் அண்டத்திலும் இவ்வெடிப்பு தோன்றும் என்பது பெரும் வசதி. பலநூறு கோடி ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள இவ்விளக்குகளை அளந்த இரு குழுவினர், பிரபஞ்சத்தின் விரிவு வேகங்கொண்டு வருவதை 1998இல் கண்டனர். 2011இல் அவர்கள் மூவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

ஏணி இன்னும் முற்றாக உறுதிப்படவில்லை. 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தூரத்துக்கு விரிவின் வேகம் செக்கனுக்கு 73 கிலோமீற்றர் அளவு என்று செபீட்டுகளும் சூப்பர்நோவாக்களும் கூறுகின்றன. பிரபஞ்சத்தின் தொடக்ககால ஒளியை ஆராய்ந்தோர் கண்டது 67 அளவு. ஏணியின் எப்படியிலேனும் பாடே கண்டது போன்ற ஒரு பிழை ஒளிந்திருக்கின்றதா, அன்றி இயற்கையிலே நாம் அறியாத ஏதேனும் உண்டா என்று இரு சாராரும் தத்தம் அளவைகளை மீண்டும் மீண்டும் சரிபார்த்து வருகின்றனர்.