கல்லில் நின்ற இசை, காற்றில் வந்த இசை



புதுக்கோட்டைச் சீமையில் நல்ல சங்கீதம் கேட்க விரும்பியவன் ஒரு காலத்தில் அரண்மனை, கோயில், செல்வர் வீட்டுத் திருமணம் ஆகிய மூன்று வாயில்களுள் ஒன்றை நாட வேண்டியிருந்தது. அரண்மனையில் எளியவனுக்கு இடமில்லை. கோயிலிலும் எல்லாரும் உட்புகுந்துவிட இயலாத காலம் அது. திருமணத்திற்கோ அழைப்பு வேண்டும்.

1939 மே 16 அன்று திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் தொடங்கியபோது நான்காவது வாயில் திறந்தது. புதுக்கோட்டை அப்போது தொண்டைமான் மன்னரின் தனி அரசு. 1948 மார்ச்சில்தான் இந்தியாவோடு இணைந்தது. காற்றுவழியில் அவ்விணைப்பு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னரே நடந்துவிட்டது எனலாம்!

வானொலிப் பெட்டி வாங்கப் பணம் வேண்டும். அக்காலத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணமும் இருந்தது. ஆயினும் பூங்காக்களிலும் பஞ்சாயத்து அலுவலகங்களிலும் ஒலிபெருக்கிகள் வந்தன. என் சிறுவயதில் உழவரும் வணிகரும் ஒரே தரையில் அமர்ந்து கச்சேரி கேட்டதை நான் கண்டிருக்கிறேன். எழுத்தறியாதவரும் இலக்கியப் பேச்சைக் கேட்டுத் தலையசைத்தனர். நாடகம் தொடங்கினால் பேச்சு அடங்கிவிடும். கொட்டாங்கச்சிகளைத் தட்டியே குதிரைக் குளம்பொலி எழுப்புவார்கள் என்பதை அறிந்த பின்னரும் எங்களுக்குக் குதிரையே தெரிந்தது.

கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கிய மான்பூண்டியா பிள்ளை புதுக்கோட்டைக்காரர். அவர் மாணவர் தட்சிணாமூர்த்தி பிள்ளை 1936-இல் மறைந்தார். திருச்சி நிலையம் மூன்றாண்டு பிந்திப் பிறந்தது. அதே மரபில் வந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கைப் பழக்கமுடையவர். மிருதங்கம் வாசிப்பவர் இடம் மாறி அமர்ந்தால் பிடில் வாசிப்பவரும் மாற வேண்டும் என்பதனால், தொடக்கத்தில் சிலர் அவரை மேடைக்கு அழைக்கத் தயங்கினர். செம்பை வைத்தியநாத பாகவதர் தயங்கவில்லை. வானொலி கேட்பவனுக்கோ கை தெரியாது; நாதம் மட்டுமே தெரியும். எனக்கு இது சிறிய செய்தியாகத் தோன்றவில்லை.

ஆனால் ஒரு குறை. அக்கால நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவை நேரடியாகவே ஒலிபரப்பாயின, ஒலித்தவுடன் மறைந்தன. பேச்சு எழுதிப் படிக்கப்பட்டதனால் ஒருசில அச்சேறின. ஒரு மாலை முழுதும் வாசித்த தனி ஆவர்த்தனத்தை எவர் அச்சிடுவது?

புதுக்கோட்டைக்கு அருகே குடுமியான்மலையில் இதற்கு நேர்மாறான ஒன்று இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டினதெனக் கருதப்படும் கல்வெட்டில், பல்லவ கிரந்த எழுத்தில், ஏழு பிரிவுகளாகச் சுர வரிசைகள் பொறிக்கப்பட்டுள்ளன. ருத்ராசாரியரின் மாணவரான ஓர் அரசர் செய்தது என்று அதுவே கூறுகிறது. அவர் மகேந்திரவர்மரே என்பார் சிலர், மறுப்பார் சிலர். அங்கே சுரங்கள் அழியாமல் இருக்கின்றன; அவற்றைப் பாடிய குரல் இல்லை. இறுதியில், இவை எட்டிற்கும் ஏழிற்கும் ஏற்றவை என்னும் கருத்தில் ஒரு தமிழ்க் குறிப்பு மட்டும் உண்டு. யாழின் நரம்புகளையா, வேறெதையா அது சுட்டுகிறது என்று அறிஞர் இன்றும் வாதிட்டுக்கொண்டிருக்கின்றனர்.