வளாகப் பாதுகாப்பும் ஊரும்: தமிழ்நாட்டுக் கல்லூரிகள்

கல்லூரி, பல்கலைக்கழக வளாகங்களில் மாணவரையும் பணியாளரையும் உடைமைகளையும் காக்கும் ஏற்பாடுகளும், வளாகத்தைச் சுற்றி வாழ்பவர்களோடு நிர்வாகம் வைத்திருக்கும் உறவும் வளாகப் பாதுகாப்பு என்ற தலைப்பில் அடங்கும். தமிழ்நாட்டில் பேச்செல்லாம் காம்பவுண்டு சுவரைப் பற்றித்தான். ஆனால் வம்பு பெரும்பாலும் சுவரின் ஓரத்தில், கேட்டிலும் பஸ் ஸ்டாப்பிலும் நடக்கிறது.

தூத்துக்குடிக்குத் தென்மேற்கே உள்ள சாயர்புரம், கல்வி நிறுவனமும் ஊரும் சேர்ந்தே வளர்ந்த இடம். சாமுவேல் சாயர் என்ற வணிகர் 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாங்கிய நிலத்தில் உருவான கிறிஸ்தவக் குடியிருப்பு இது. 1840-களில் ஜி. யு. போப் இங்கே குருமடப் பள்ளி நடத்தினார். 1962-இல் தொடங்கப்பட்ட கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இதுபோன்ற சிற்றூர்களில் புதிதாக ஓர் ஆள் வந்தால் ‘யாரைத் தேடி வந்தீக?’ என்ற விசாரணை டீக்கடையிலேயே தொடங்கிவிடும். அது காவல், கண்காணிப்பும்கூட. மாணவி வகுப்புத் தோழனோடு பஸ்ஸுக்கு நின்று பேசினால், அவள் வீடு போய்ச் சேருமுன் சேதி போய்விடும்.

மாநகரத்தில் இந்த முகப்பழக்கம் வேறு விதமாக வேலை செய்கிறது. 2024 டிசம்பர் 23 இரவு சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் கிண்டி வளாகத்துக்குள் மாணவி ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார். கைதானவர் தொலைதூரத்து ஆள் அல்லர். அடுத்திருக்கும் கோட்டூர்புரத்தில் வசித்து, அப்பகுதியிலேயே சாலையோர பிரியாணிக் கடை நடத்தியவர். மாணவியை அடையாளம் காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்தது இரண்டாவது கொடுமை. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்து, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. 2025 ஜூன் 2 அன்று மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை விதித்தது; 30 ஆண்டுகளுக்குக் குறையாமல் சிறையில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. வழக்கு விரைவாக முடிந்தது பாராட்டத்தக்கது. ஆனால் அக்கம்பக்கத்து ஆள் இருட்டில் உள்ளே நடமாட முடிந்தது எப்படி என்ற கேள்விக்குத் தண்டனை பதிலாகாது.

பல கல்லூரிகளின் கேட்டில் இருக்கும் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் ஒன்று கண்ணில் படும். உள்ளே வந்த நேரம் எழுதியிருக்கும். வெளியே போன நேரத்துக்கான கட்டம் காலியாகக் கிடக்கும். ‘யாரைப் பார்க்க’ என்ற இடத்தில் ‘ஆபீஸ்’ என்ற ஒரே சொல். ஒப்பந்த நிறுவனம் அனுப்பும் வாட்ச்மேன் பன்னிரண்டு மணி நேரம் நிற்பவர். தெரிந்த முகத்தை நிறுத்திக் கேட்க அவருக்குத் தெம்பும் இல்லை, அதிகாரமும் இல்லை.

போலீஸ் உள்ளே வரலாமா என்பது பழைய தகராறு. 2008 நவம்பர் 12 அன்று சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்கள் கட்டையும் கத்தியுமாக மோதியபோது, வாசலில் நின்ற போலீசார் கல்லூரி முதல்வர் அழைக்கவில்லை என்று உள்ளே போகவில்லை. தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. கண்ணெதிரே கடுங்குற்றம் நடக்கையில் அப்படி ஓர் அனுமதியைச் சட்டம் கேட்பதில்லை; அது வழக்கம் மட்டுமே. நீதிபதி சண்முகம் ஆணையம் விசாரித்தது. 2018-இல் அந்தக் கல்லூரியே பாரிமுனையை விட்டுப் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் பெயர்க்கப்பட்டது. மோதலைத் தீர்க்க வழி காண்பதற்குப் பதிலாக ஊரைவிட்டே போன கதை.

பல்கலைக்கழக மானியக் குழு 2015-இல் வெளியிட்ட மாணவர் பாதுகாப்பு வழிகாட்டுதல்களும் எளிதில் ஏறிக் குதிக்க முடியாத மதில், மேலே முள்கம்பி, கேமரா, வளாகத்துக்குள்ளேயே காவல் நிலையம் என்று பெரும்பாலும் உள்நோக்கியே பேசுகின்றன. வெளிப்புறத்தைப் பற்றிய விதிகள் தூரத்தை அளப்பதோடு நின்றுவிடுகின்றன: கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது, டாஸ்மாக் கடை மாநகராட்சி, நகராட்சிகளில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் தள்ளி இருக்க வேண்டும். தெருவைக் கருத்தில் கொண்ட, பெண்களைச் சீண்டுவதைத் தடுக்கும் சட்டம் 1998-இல் வந்தது. அதற்கும் எத்திராஜ் மகளிர் கல்லூரி மாணவி ஒருவர், ஆட்டோவில் வந்த இளைஞர்களின் அத்துமீறலால் சாலையில் விழுந்து உயிரிழக்க வேண்டியிருந்தது.

சாயர்புரத்துப் பக்கம் ஆபத்து இன்னொரு வகை. 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் அருகே, தேர்வு எழுதப் போன பிளஸ் ஒன் மாணவன் பஸ்ஸிலிருந்து இழுத்துப்போட்டு வெட்டப்பட்டான், கைவிரல்கள் துண்டாயின. கபடிப் போட்டியில் மூண்ட பகை என்றார்கள். சாதிதான் காரணம் என்றது குடும்பம். ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதே பாதுகாப்பு என்ற நம்பிக்கை இங்கே உடைகிறது, ஏனெனில் வெட்டியவர்களுக்கு அவன் எந்தப் பஸ்ஸில் வருவான் என்பது தெரிந்திருந்தது.

அமெரிக்காவில் 1990-ஆம் ஆண்டின் கிளெரி சட்டப்படி, வளாகத்தை ஒட்டிய பொதுச் சாலையில் நடந்த குற்றங்களையும் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். இங்கே அப்படியொரு கட்டாயம் இல்லை. தர மதிப்பீட்டில் எத்தனை கேமரா என்று சொன்னால் போதும். பஸ் ஸ்டாப்பில் என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை.