காசிச்செட்டி காணாத புகையிரதம்

சைமன் காசிச்செட்டி என்றதும் இலக்கிய அன்பர்களுக்கு நினைவில் எழுவது ‘தமிழ் புளூராக்’. தமிழ்ப் புலவர் சரிதங்களை ஆங்கிலத்தில் திரட்டித் தந்த அந்நூல் 1859இல் வெளிவந்தது. அதற்குக் கால் நூற்றாண்டு முன்னரே, 1834இல், இலங்கையின் ஊர்களையும் துறைகளையும் ஆறுகளையும் அகரவரிசையில் விவரிக்கும் ‘சிலோன் கசற்றியர்’ என்ற நூலை அவர் எழுதிவிட்டார். என் மதிப்பில் இதுவே அவரது அரிய பணி.

கற்பிட்டியில் 1807இல் பிறந்து, புத்தளத்தில் மணியகாரராக இருந்தவர் அவர். தோணியும் ஒல்லாந்தர் கால்வாயும் அறிந்த கரையையே எழுதினார். 1860இல் மறைந்தார். இலங்கையில் முதல் புகையிரதம் ஓடியது 1864இல்.

கரையோரப் பாதை 1916இல் சிலாபத்தையும், 1926இல் புத்தளத்தையும் எட்டியது. களப்பின் கிழக்கே அது நின்றுவிட்டது. எதிர்க்கரையில், ஒல்லாந்தர் கோட்டையோடு நிற்கும் அவரது கற்பிட்டிக்குத் தண்டவாளம் வரவேயில்லை.

பின்னர் பாதை மேலும் வடக்கே நீண்டது, ஊருக்காக அல்ல, கல்லுக்காக. அருவக்காட்டுச் சுண்ணக்கல் அவ்வழியே பாலாவிச் சீமெந்து ஆலைக்குப் போனது. மயோசீன் காலக் கடலடியில் படிந்த கல் அது. உள்ளே சங்கும் சிப்பியும் கல்லாகிக் கிடக்கும். ஏற்றிய கல்லுக்குத் தொன் கணக்கு உண்டு. உடைத்த கைகளுக்கு?

கசற்றியரின் விடுபட்ட பக்கங்களை எழுத நினைப்பவர் பாலாவியில் தொடங்கலாம். கல்வண்டியோடு போய்வந்த முதியவர் எவரேனும் அகப்பட்டால், முதலில் அவரிடம் ஊர்ப்பெயர்களைக் கேட்க வேண்டும்.